இஞ்சாருங்கோவின் பக்கம்

கணவருக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. அதனால்தான் கனடாவின் ஸ்காபரோவில், குரல் கேட்டு ஏறி இறங்கும் அந்தக் கட்டிலைத் தவணைக்கு எடுத்தார்கள். வந்த அன்றே அது இருவரின் பெயரையும் கேட்டது. பவளராணி ஒருநாளும் கணவரின் பெயரைச் சொன்னவளில்லை. "இஞ்சாருங்கோ" என்று அவரைக் கூப்பிட்டாள். கட்டில் அதையே அவர் பெயராகப் பதிந்துகொண்டது. பிறகு அவள் கூப்பிடும்போதெல்லாம் அவர் பக்கத் தலைமாடு உயரும். "என்னப்பா?" என்பார்.

மாசியில் அவர் போய்விட்டார். ஒருவர் இறந்தால் மிச்சத் தவணை தள்ளுபடி என்பது ஒப்பந்தம். கம்பனி போனில் மறுத்தது.

"உங்கள் அப்பா தினமும் காலையில் எழும்புவதாகக் கட்டில் சொல்கிறதே?"

மகள் துளசிகா போனை வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தாள். பவளராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்கடை பென்சனில பாதி இதுக்கே போகுதம்மா. அப்பான்ரை பேரைச் சொல்லி, அவர் இல்லையெண்டு கட்டிலுக்குச் சொல்லுங்கோ. உங்கடை குரலைத்தான் அது ஏற்கும்."

பவளராணி கட்டிலருகே போய் நின்றாள்.

"இஞ்சாருங்கோ..."

அவர் பக்கத் தலைமாடு மெல்ல உயர்ந்து, அவள் சொல்லப்போவதற்காகக் காத்து நின்றது.

"ஒண்டுமில்லை," என்றாள். "நீங்கள் படுங்கோ."