நான்காவது ஆள்

என் பேரன் அஷ்வினுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவளுக்கு, அவனுக்கு முன்னால் ஆபரேஷன் தேதி கொடுத்தார்கள். அதுவும் பாகிஸ்தான்காரிக்கு. அன்றிலிருந்தே எனக்கு வயிற்றெரிச்சல்.

இரண்டு பேருக்கும் ஏழு வயது. இரண்டு பேருக்கும் இதயத்தில் ஓட்டை. பெங்களூர் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவளோடு அப்பன் மட்டும் வந்திருந்தான்.

சண்டை வரும்போல ஆனது. அந்த நாட்டுக்காரர்கள் செவ்வாய்க்கிழமைக்குள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. வைத்தியத்துக்கு வந்தவர்களும்தான்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் நிருபமா ஒரு வழி சொன்னார். மறுநாள் காலையிலேயே ஆபரேஷன் செய்துவிடலாம், ஐசியூவில் கிடக்கிற குழந்தையை யாரும் எல்லைக்குத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள் என்றார். ஆனால் அந்த ஆஸ்பத்திரி வழக்கப்படி, நோயாளிக்காக நாலு பேர் ரத்தம் கொடுக்க வேண்டும். எந்த குரூப் ஆனாலும் சரி. சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் அப்பன் வார்டு வார்டாக அலைந்தான். எந்த ஊர் என்று தெரிந்ததும் எல்லோரும் நழுவிவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் அஷ்வினுக்கு ரத்தம் கொடுக்க ஒக்கலிபுரத்திலிருந்து எங்கள் தெரு ஆட்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். அவன் என் முன்னால் நின்று உருதுவில் கெஞ்சினான்.

உருது புழங்கும் சிவாஜிநகரில், கறிக்கடையில் இருபது வருஷம் வேலை பார்த்தவன் நான். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரியாத மாதிரி நின்றேன்.

என் மகள் சோனியா விடவில்லை. "இவங்களை அந்தப் பொண்ணுக்குக் குடுக்க அனுப்பிடலாம்ப்பா. நமக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்குதே. வேற ஆளுங்களைத் தேடிக்கலாம்."

"அவங்க ஊர்ல ஆஸ்பத்திரியே இல்லையா? நீ சும்மா இரு."

"பாவம், அய்யாவண்ணா" என்று வந்த நாலு பேரில் ஒருவனான சரவணன் முனகினான். பிளட் பேங்க் பக்கம் போனால் இளகி அவள் பேரில் கொடுத்துவிடுவார்கள் என்று, அப்புறம் கூப்பிடுகிறேன் எனச் சொல்லி நாலு பேரையும் பஸ் ஏற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் அந்த அப்பன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டான். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரமே குண்டு விழ ஆரம்பித்தது. அவன் கொடுத்துவிட்டுப் போன நம்பருக்கு சோனியா தினமும் போன் போட்டாள். லைனே போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

அஷ்வின் முறை வந்தது. மூன்று பேர் வந்து கொடுத்தார்கள். சரவணனுக்கு மஞ்சள் காமாலை. ஒரு ஆள் குறைந்தாலும் தேதி தள்ளிப்போகும். பிளட் பேங்க் ஜன்னலில் நின்று, சாயங்காலம் வரை டைம் கொடும்மா என்று நர்ஸ் டீனாவைக் கும்பிட்டேன்.

அவள் ரெஜிஸ்டரைப் புரட்டினாள். "நாலு இருக்குதே தாத்தா."

மூணு பேர்தானே வந்தாங்க என்றேன்.

"பக்கத்து பெட் பொண்ணோட அப்பா தன் ரத்தத்தைக் குடுத்துட்டு, மிச்சம் மூணு பேருக்காகத்தான் அன்னிக்கு உங்ககிட்ட வந்தார். ஊருக்குப் போறப்போ, அதை உங்க பேரன் பேர்ல எழுதிக்கச் சொல்லிட்டுப் போனார்."