ஏழு மணிக்கு வந்தவளுக்குத் தண்டனை

"இது பள்ளிக்கூடமா, ஜெயிலா டீச்சர்?"

தலைமையாசிரியை தண்டனை நோட்டை மேசைமேல் விரித்துப் போட்டார். அவர் இந்தப் பள்ளிக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. வந்த வேகத்தில் ஒவ்வொரு நோட்டாக எடுத்து ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார்.

இன்று மாட்டியவர் எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'கடுகு'. ஆள் குள்ளம், பொரிந்தால் தாங்காது.

"உங்க கிளாஸ்ல அந்த ஒத்தை ஜடைப் பொண்ணு. ஒன்றரை மாசத்துல முப்பத்தொரு தடவை தண்டனை. முப்பத்தொண்ணுலயும் உங்க கையெழுத்து."

"ஆமா மேடம்."

"தாமதம். தாமதம். மறுபடியும் தாமதம். நடுவுல ஒரு மாறுதலுக்கு, 'நகம் கடித்தாள்'. இதெல்லாம் ஒரு குத்தமா?"

"கெட்ட பழக்கம்தானே மேடம்."

"அடுத்தது, 'ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள்'. அவ சிரிச்சா உங்களுக்கு எங்க வலிக்குது?"



மாலை நான்கு மணிக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் அத்தனை பேரும் பள்ளியை விட்டு வெளியேறிவிட வேண்டும். நிர்வாகத்தின் கண்டிப்பான உத்தரவு. தண்டனை வாங்கியவர்கள் மட்டும் ஆறு மணி வரை வகுப்பிலேயே உட்கார்ந்து பாடம் எழுத வேண்டும். தண்டனை கொடுத்த டீச்சரும் கூடவே இருக்க வேண்டும்.

"உங்களுக்கும் வீடு வாசல் இருக்கு. அதையும் விட்டுட்டு தினமும் ஆறு மணி வரைக்கும் காவல் காக்கறீங்க. ஒரு சின்னப் பொண்ணு மேல அப்படி என்ன வன்மம்?"



தலைமையாசிரியை வாட்ச்மேனின் வருகை நோட்டை எடுத்து டீச்சர் முன்னால் வைத்தார்.

"இதையும் பாருங்க. காலைல ஏழு மணிக்கு கேட் திறக்கறப்பவே முதல் ஆளா உள்ள வர்றா. ஒருநாள்கூடத் தவறல. ஒன்பது மணி கிளாசுக்கு ஏழு மணிக்கே வர்றவ எப்படி லேட் ஆவா?"

கடுகு வருகை நோட்டை மெல்ல மூடி வைத்தார்.

"அப்போ பொய்யா எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம். பொய்தான்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று தலைமையாசிரியை எதிர்பார்க்கவில்லை.

"நிர்வாகத்துக்கு எழுதப் போறேன். உங்க வேலையே போயிடும், தெரியுமில்ல?"

"எழுதுங்க மேடம். ஆனா அவ தண்டனையை மட்டும் நிறுத்திடாதீங்க."

தலைமையாசிரியைக்குச் சுர்ரென்று ஏறியது. தப்பையும் செய்துவிட்டு இப்படிக் கேட்கவும் ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்! உடனே அந்தப் பெண்ணைக் கூட்டிவரச் சொன்னார்.

பெண் வந்து கதவோரமாக நின்றாள்.

"பயப்படாதம்மா, உள்ள வா. இன்னையோட உனக்குத் தண்டனையே கிடையாது. நாலு மணிக்கு எல்லாரோடயும் சேர்ந்து ஜாலியா வீட்டுக்குப் போகலாம்."

சிரிப்பாள் என்று பார்த்தால், பெண் கடுகைத்தான் பார்த்தாள்.

"இல்ல மேடம், நான் நிஜமாவே லேட்டாத்தான் வந்தேன். நகம்கூடக் கடிச்சேன்."

"அவங்களைப் பார்க்காத. என்னைப் பார்த்துச் சொல்லு. உன்னை மிரட்டி வெச்சிருக்காங்களா?"

பெண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"டீச்சரைத் திட்டாதீங்க மேடம். அம்மா மில்லுல பகல் ஷிப்டு. எங்களுக்கு இருக்கறது ஒரே ரூம், அதுவும் ராத்திரிக்கு மட்டும்தான். நைட் ஷிப்டு ஆளுங்க நாலு பேர் பகல் பூரா அங்க தூங்குவாங்க. அவங்க வர்றதுக்குள்ள காலைல நாங்க கிளம்பிடணும். சாயந்திரம் ஆறு மணிக்கு அவங்க வேலைக்குப் போனாத்தான் ரூம் எங்களுக்கு."

"அதுவரைக்கும்?"

"முன்னாடியெல்லாம் பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்திருப்பேன். யார் யாரோ வந்து பேசுவாங்க, பயமா இருக்கும். ஒருநாள் டீச்சர் பார்த்துட்டாங்க. மறுநாள்லேருந்து நான் லேட்டுன்னு எழுத ஆரம்பிச்சாங்க. ரூம் விஷயம் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நான்தான் அவங்ககிட்ட சத்தியம் வாங்கினேன்."

தலைமையாசிரியை கடுகின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"நிர்வாகத்துகிட்டயே கேட்டிருக்கலாமே டீச்சர்?"

"பேர் சொல்லாமக் கேட்டுப் பார்த்தேன் மேடம். ஒருத்திக்கு விட்டா நாளைக்கு நாப்பது பேர் வந்து நிப்பாங்கன்னு சொல்லிட்டாங்க."

தலைமையாசிரியைக்கு வெட்கமாக இருந்தது. இப்படிப்பட்ட ஒருவரையா வன்மம் என்று வாய்கூசாமல் கேட்டோம் என்று மனசு அடித்துக்கொண்டது. தண்டனை நோட்டைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்தார்.

"அடுத்த மாசம் நிர்வாகக் கூட்டம். அங்க நான் பேசிக்கறேன். அதுவரைக்கும் ஒருநாள் நீங்க காவல் இருங்க, ஒருநாள் நான் இருக்கேன்" என்றவர், பெண்ணை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சொல்லுங்க டீச்சர், நாளைக்கு இவ என்ன தப்பு பண்ணப் போறா?"