நல்ல கட்டி

"ஏட்டி, நீ மாறி நில்லு. ஆம்பிள நான் இருக்கேம்லா?"

என் கையிலிருந்த ஆபரேஷன் சம்மதக் காகிதத்தை மாமனார் இஸ்ரவேல் பிடுங்கிக்கொண்டார்.

"சம்சாரம் கையெழுத்துப் போட்டாப் போதும் பாட்டா" என்றாள் நர்ஸ் நேசம்மாள். அவளும் எங்கள் ஊர்ப் பக்கம்தான்.

"கான்வென்ட்ல நாலு இங்கிலீஷ் படிச்சுட்டா, எனக்க மவனுக்கு இவ ஒப்பு போடுவாளோ?"

ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. எனக்கு உடம்பு கூசியது.

நேற்றுவரை ஆபரேஷனே வேண்டாம் என்றவர் இவர். என் கணவர் தேவகுமாருக்குத் தலைக்குள் நாரத்தங்காய் அளவில் கட்டி. கண் மங்கிவிட்டது. பெற்ற மகளையே, "இது யாரு பிள்ள?" என்று கேட்கிறார். எடுக்காவிட்டால் உயிரும் போகும்.

மெட்ராஸ்கார டாக்டர், "நல்ல கட்டிதான், பயப்படாதீங்க" என்றதும் மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் குலசேகரத்தில் நல்ல காய்ச்சல் என்றால் கொதிக்கிற காய்ச்சல். நல்ல வலி என்றால் தாங்க முடியாத வலி.

"நல்ல கட்டியாம்! பிழைக்க மாட்டான்னா பிறவு எதுக்கு அறுக்கணும்? வீட்டுக்குக் கொண்டு போவோம்."

"அப்படியில்ல மாமா. இது பரவாத கட்டியாம். எடுத்தா சுகமாயிரும்."

நான்தான் மன்றாடினேன். இவ்வளவு பெரிதானால் ஆபரேஷனில் பாதிப் பேர் பிழைப்பதில்லை என்று டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

மாமா நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

காலை எட்டு மணிக்கு என் கணவரை உள்ளே கொண்டு போனார்கள். மாலை நாலு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார்.

"கட்டியை எடுத்துட்டோம். ரத்தம் நிக்கல. காப்பாத்த முடியலம்மா."

மகளை இறுக்கிக்கொண்டு சுவரோரம் சரிந்தேன். மாமியார் ராகேல் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நீதானேட்டி ஒத்தக்கால்ல நின்னே! எனக்க பிள்ளைய எழுதிக் குடுத்துக் கொன்னுட்டியே!"

மாமா நடுவில் வந்து நின்றார்.

"அவள விடு. பாதிப் பேரு பிழைக்க மாட்டாங்கன்னு நேசம்மா நேத்தே எங்கிட்ட சொல்லிட்டா. நீ இவள இப்பிடிக் கேப்பேன்னு தெரிஞ்சுதான் காகிதத்தப் பிடுங்கினேன். அது எனக்க கையெழுத்தாக்கும்... ஏசணும்னா என்ன ஏசு."