தட்டு கேட்ட கேள்வி

வீட்டுப் பொருள்களைப் பேச வைப்பது எப்படி என்று திருமயத்தில் மூன்று நாள் பயிலரங்கு நடந்தது. சென்னையிலிருந்து வந்த சுடர்விழி, பெண்களைச் சின்னச் சின்னக் குழுக்களாக உட்காரவைத்து, பொருளுக்குள் ஒலியைப் பொருத்தச் சொல்லிக்கொடுத்தாள். கடைசி நாளில் ஒரு குழுவின் அரிசி டப்பா, அரிசி குறைந்ததும் மணியடித்தது. இன்னொரு குழுவின் பீரோ, திறந்ததும் குரைத்தது.

பரிமளா கொண்டுவந்தது ஒரு எவர்சில்வர் தட்டு. அதைக் கையில் எடுத்ததும் ஓர் ஆண்குரல் கனிவாகக் கேட்டது: "சாப்பிட்டியா தங்கம்?"

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

"யாருக்கா அது?" என்றாள் சுடர்விழி.

"எங்க வீட்டுக்காரருதாங்க. குவைத்துல இருக்காரு."

"குடுத்து வச்சவ!" என்றாள் பக்கத்திலிருந்தவள். சுடர்விழிக்கே லேசாகப் பொறாமையாக இருந்தது.

"சென்னையில நடக்கப்போற கண்காட்சிக்கு இதத்தான் அனுப்பப்போறேன்க்கா. அண்ணனுக்குப் போன் போட்டுச் சம்மதம் மட்டும் வாங்கிடுங்க."

பரிமளாவின் முகம் வாடியது. சுடர்விழியை ஜன்னலோரம் அழைத்துப்போனாள்.

"வேணாம்மா. இந்தக் குரல் எங்கிட்ட இருக்கறது அவருக்குத் தெரியாது."

"உங்களுக்கு அனுப்பினதுதானேக்கா?"

"வேற ஒருத்திக்கு அனுப்புனது. தப்பா என் போனுக்கு வந்திருச்சு. அவரு அழிக்கிறதுக்குள்ள எடுத்து வச்சுக்கிட்டேன்."

"அதப் போயி எதுக்குக்கா தெனமும் கேக்கணும்?"

"கலியாணமாகிப் பதினாலு வருசத்துல அந்த மனுசன் என்னைய ஒருநாளும் சாப்பிட்டியான்னு கேட்டதில்லம்மா. தட்டாவது கேக்கட்டுமே."