மாடி நாற்றம்

"இந்த நாத்தத்துல எவன் மக்சிக் வாடகைக்கு வருவான்?"

விலைக்கு வாங்கி வாடகைக்கு விட வீடு பார்க்க வந்திருந்த கியான் ஹாக், மாடியிலிருந்து இறங்கி வந்து மூக்கில் பொத்திய கைக்குட்டையை எடுக்காமலே கேட்டான். டார்ச் விளக்கோடு அவன் ஒருவன்தான் மேலே போய்ப் பார்த்திருந்தான். அவன் மக்சிக் என்று அத்தை முறை வைத்துக் கூப்பிட்ட மலாய்க்கார வீட்டுக்காரி ரொக்கியாவுக்கு முழங்கால் வலி. அவள் அந்தப் படி ஏறிப் பல வருஷமாயிற்று. கியான் ஹாக்கின் மனைவி சொக் லிங் பாதிப் படியிலேயே குமட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

"குருவி அடைஞ்சிருக்குன்னு பக்கத்துக் கடையில சொன்னாங்க தவுக்கே. அவ்வளவு மோசமாவா இருக்கு?" சீன முதலாளிகளை அழைக்கும் மரியாதையோடு கேட்டாள் ரொக்கியா.

"மோசமாவா? தரை பூரா எச்சம். இந்தச் சட்டைய இனிமே தொவைக்க முடியாது, குப்பையிலதான் போடணும்."

ரொக்கியாவின் முகம் சுருங்கிப்போனது. கணவர் இறந்தபின் அவள் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மலேசியாவில், கோலப்பிலா ஊர்க் கடைத்தெருவில் இருந்த இந்த வீடு அன்றிலிருந்து பூட்டியே கிடந்தது. அடுத்தவருக்கு இப்படி ஓர் அழுக்கு வீட்டைக் காட்டுகிறோமே என்று பாவம் அவளுக்குக் கூச்சம்.

குறை அதோடு நிற்கவில்லை. கூரை ஒழுகிச் சுவரெல்லாம் ஊறியிருந்தது. உத்தரத்தைத் தட்டினால் கரையான் மண் கொட்டியது. ஒயரை எலி கடித்து வைத்திருந்தது. தரகர் இதில் ஒன்றைக்கூட வாய் திறந்து சொல்லியிருக்கவில்லை.

மற்றதையெல்லாம் கியான் ஹாக் ஒருமுறைதான் சொன்னான். மாடியை மட்டும் நின்றால் சொன்னான், நடந்தால் சொன்னான்.

"கூரையக்கூட மாத்திக்கலாம் மக்சிக். அந்த மாடிதான்... நெனச்சாலே வயித்தப் பெரட்டுது."

ரொக்கியா விலையைக் குறைத்தாள். அவன் மறுபடி மூக்கைப் பொத்தினான். அவள் இன்னும் குறைத்தாள்.

காரில் ஏறியதும் சொக் லிங் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? ரிப்பேருக்குப் போடுற காசு வாடகையில திரும்பி வர்றதுக்குள்ள நம்ம பேரன் கிழவனாயிடுவான்."

"வாங்கினா இந்த வீடுதான்."

"அது நான் அடுப்புல வெந்து, மீ நூடுல்ஸ் பிரட்டி வித்துச் சேத்த காசு. வேற சல்லிக்காசு நம்மகிட்ட கெடையாது."

"தெரியும். என்னைய நம்பு."

"அப்படி அந்த இடிஞ்ச வீட்டுல என்னத்தக் கண்ட?"

"உன்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள சந்தை பூரா தெரிஞ்சிரும். பத்திரம் கைக்கு வரட்டும், சொல்றேன்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் அடுத்தவனை ஏமாற்றித்தான் பார்த்திருக்கிறாள், ஏமாந்து பார்த்ததில்லை. அந்த ஒரு தைரியத்தில், முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

வக்கீல் ஆபீஸ் வேலையெல்லாம் முடியச் சில மாதங்கள் ஓடின. சாவி வாங்கும் நாளன்று கியான் ஹாக் சொக் லிங்கையும் கூட்டிக்கொண்டு வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தான். ரொக்கியா ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு வாசலிலேயே காத்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"எடுத்துக்கங்க தவுக்கே. கூரைக்கும் கரையானுக்கும் செலவு பண்ண எனக்கு வசதியில்ல, மன்னிச்சிக்கணும். ஆனா நீங்க அவ்வளவு அருவருத்த அந்த மாடிய மட்டும் அப்படியே குடுக்க எனக்கு மனசு வரல."

பலகாரத்தை எடுத்த கை பாதியில் நின்றது. "மாடிய என்ன செஞ்சீங்க?"

"எங்க கம்போங், ஊர்ச் சனம் மொத்தமும் கோத்தோங் ரோயோங், கூடிச் செய்யிற வேலைன்னு வந்து நின்னுட்டாங்க. கூலியா வாங்குவாங்க? ஒரு வேளை சோறு ஆக்கிப் போட்டேன், அவ்வளவுதான். கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, குருவி நுழையிற ஓட்டையெல்லாம் சிமெண்டு வச்சு அடைச்சிட்டாங்க. கூட்டைச் சுரண்டி எடுக்கத்தான் உசுரு போச்சாம். வெள்ளையா, பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம். மூட்டை மூட்டையா அள்ளிக் கொல்லையில எரிச்சிட்டோம்."

சொக் லிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. ரொக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"பாத்தியா, எப்பேர்ப்பட்ட மனசு. சரி, பத்திரம்தான் வந்தாச்சே, இப்பவாவது சொல்லு. இந்த வீட்டுல அப்படி என்னத்தக் கண்ட?"

கியான் ஹாக் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அந்தக் கூட்டைத்தான்" என்றான். "ஓட்டல்காரன் சூப்பு வைக்க, கிலோ மூவாயிரம் ரிங்கிட் குடுத்து வாங்குற, குருவி எச்சில்ல கட்டுற கூடு. மாடி பூரா அதுதான் தொங்கிச்சு."