மர்சூக் பேசுகிறது

புதிதாக வந்த தம்பி மனைவி மூத்தாள் குழந்தை மேல் ஏதோ ஏவிவிட்டாள் என்று மூன்று வீடுகளில் சொல்லிவிட்டுத்தான் சகீனா தம்பி வீட்டுக்குள் நுழைந்தாள்.

தம்பி பாய்மரப் படகோட்டி. போனால் வாரக் கடைசியில்தான் திரும்புவான். வீட்டில் இருப்பது புது மனைவி ஃபௌசியாவும், இறந்துபோன மூத்தவளின் எட்டு வயது மகள் தஹீபாவும். அப்புறம், முற்றத்துக் குழியில் கம்பி வலைக்குக் கீழே மர்சூக்.

மர்சூக் ஒரு முதலை. நைல் கரையில் அந்த ஊரில் பல வீடுகளில் முதலை உண்டு. பேசுகிற முதலை இந்த வீட்டில் மட்டும்தான்.

"எப்ப இருந்து பேசுதாம்?"

"நாலு மாசமா அண்ணி" என்றாள் ஃபௌசியா, தலை நிமிராமல்.

"நீ வந்து எத்தனை மாசம்?"

"நாலு மாசம்."

"அப்படிப் போடு! பிள்ளை உன்கிட்ட பேசுறாளா?"

"இல்லை. தட்டை வெச்சா எடுத்துக்குவா. முகத்தைப் பார்க்க மாட்டா."

அதற்குள் தஹீபா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். சகீனா பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தாள். முற்றத்துக் குழிச்சுவரின் மறுபக்கத்தை ஒட்டி ஓர் இடத்தை மட்டும் பெருக்கினாள் குழந்தை. ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்துத் தூர எறிந்தாள்.

"என்ன பண்றே கண்ணு?"

"சும்மா அத்தை."

மாந்திரீகத்துக்கு இப்படித்தான் இடம் பார்த்துச் சுத்தம் செய்வார்களாம்.

பொழுது சாய்ந்தது. பள்ளிவாசல் அழைப்பு ஓய்ந்ததும் தஹீபா குழியோரம் குப்புறப் படுத்தாள். சகீனா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"மர்சூக், வந்துட்டேன்."

தண்ணீர் அசையவில்லை. மஞ்சள் கண் ஒன்று மட்டும் திறந்தது. குழிக்குள்ளிருந்து குரல் வந்தது, கரகரவென்று.

"சாப்பிட்டியா?"

சகீனா கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

"பாதி."

"பாதி சாப்பிட்டவங்க என் முதுகுல ஏறினா வழுக்கிடுவாங்க."

"நாளைக்கு முழுசா சாப்பிடறேன். நேத்து எங்க விட்டோம்?"

"ஏரிக்கு அடியில. அணை கட்டினப்ப முழுகிப்போன நம்ம பழைய ஊர்ல. கதவெல்லாம் தானாத் திறக்குது. ஒரு வாசல்ல யாரோ விளக்கோட உனக்காக நிக்கறாங்க."

"யாரு? எங்கம்மாவா?"

மஞ்சள் கண் மூடித் திறந்தது.

"பேரைச் சொல்ல மாட்டேங்கறாங்க. உன்னைப் பார்த்துச் சிரிக்கறாங்க. கெட்டியாப் பிடிச்சுக்கோ, கிட்டப் போகலாம்."

முதலை வாயே திறக்கவில்லை. ஆனால் பிள்ளையைத் தண்ணீருக்கு அடியில் கூப்பிடுகிறது! இன்னும் நாலு நாள் போனால் இவள் ஏரியில் இறங்கிவிடுவாள்.

ஃபௌசியாவைத் தேடினாள் சகீனா. சமையலறையில் இல்லை. அறையில் இல்லை. பிள்ளையை இப்படி விட்டுவிட்டு எங்கே தொலைந்தாள்? இன்றைக்கு அவள் கொண்டையைப் பிடித்து வெளியே தள்ளாமல் விடுவதில்லை என்று கொல்லைப்புறம் ஓடினாள்.

பெருக்கி வைத்த அந்த இடத்தில் ஃபௌசியா மண்ணில் குப்புறக் கிடந்தாள். குழித் தண்ணீர் வடிகிற துளையில் வாய்.

"...விளக்கை உன் கையில கொடுக்கறாங்க. இந்தா, வாங்கிக்கோ..."

நிமிர்ந்தவள் சகீனாவைக் கண்டாள். ஓசைப்படாமல் வந்து காலைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிடாதீங்க அண்ணி. அவ மனசு விட்டுப் பேசுறது முதலைகிட்ட மட்டும்தான். அது சொன்னாத்தான் சாப்பிடுறா. நான்தான்னு தெரிஞ்சா அதையும் விட்டுடுவா."

சகீனாவுக்கு வெட்கமாகப் போயிற்று. அந்த மூன்று வீடுகளுக்கும் காலையில் திரும்ப நடக்க வேண்டும்.

மறுநாள் விளக்குமாற்றோடு கிளம்பிய தஹீபாவை நிறுத்தினாள்.

"அந்த இடத்தை எதுக்குக் கண்ணு தினமும் பெருக்கறே?"

குழந்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அத்தையின் காதருகே வந்தாள்.

"சொல்லிடாதீங்க அத்தை. கல்லுக்கு அடியில தேள் இருக்கும். அம்மா அங்கதானே படுத்துத் துளை வழியாக் கதை சொல்றாங்க?"