பிரிட்ஜ் சொன்ன கோணல்

மலைச் சரிவில், ஏரிக்கு மேலே நிறுத்தியிருந்த வீட்டு வண்டிக்குள், கேஸில் ஓடும் பிரிட்ஜ் குளிரவே இல்லை. வண்டிக்காரர் கதவு ரப்பரைத் தடவிப் பார்த்தார். கேஸ் சுடரைக் குனிந்து பார்த்தார். இரண்டும் சரியாகவே இருந்தன. மெக்கானிக்கைக் கூட்டிவரப் போய்விட்டார்.

"அண்ணே, எனக்கு வேர்க்குது. சாயங்காலத்துக்குள்ள திரிஞ்சிடுவேன்," என்று உள்ளேயிருந்து பால் முனகியது.

"என் மேல தப்பில்ல தம்பி. நேரா நின்னாத்தான் எனக்குள்ள குளிர் ஓடும். தரை சாஞ்சிருக்கு," என்றது பிரிட்ஜ்.

சுவர்க் கொக்கியில் தொங்கிய கரண்டி பிரிட்ஜின் கரகரத்த குரலிலேயே பழித்துக் காட்டியது. "தரை சாஞ்சிருக்காம்ல! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். என்னைப் பாரு, எவ்வளவு நேரா தொங்குறேன்!"

பால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டி கேட்டது: "யாருப்பா சுவரை நகர்த்துறது?"

காலையில் அதன் முதுகு சுவரில் ஒட்டியிருந்தது. இப்போது நடுவில் ஒரு விரல் நுழையும். யாரும் தொடவில்லை. காற்றும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடைவெளி இரண்டு விரல் ஆனது. எதிர் ஜன்னலில் காலையில் வானம் இருந்தது. இப்போது தண்ணீர் தெரிந்தது.

"மெக்கானிக் வந்துடுவார்ல அண்ணே?" என்றது கரண்டி, முதல்முறையாகத் தன் சொந்தக் குரலில்.

"வருவார்," என்றது பிரிட்ஜ். "வந்து என்னைத் திறந்து பார்ப்பார்."

வெளியே, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல் உருண்டு போனது. ரொம்ப நேரம் கழித்துத்தான் ஏரியில் அது விழுந்த சத்தம் கேட்டது.